இல்லாத பிள்ளைகளுக்குச் சந்தனம்

25-9-1978

இன்றும் எழுத உட்கார்ந்துவிட்டேன். "இன்னா மாமா, மறுபடியும் நோட்டா? கண்ணு பூடும்" என்று சொல்லிக்கொண்டே மருமகள் தேவானை விளக்கை என் பக்கம் தள்ளி வைத்தாள். திட்டுகிறாளா, உதவுகிறாளா என்று தெரியவில்லை. முதியோர் வகுப்பு முடித்து இரண்டு மாதம்கூட ஆகாதவனுக்கு எல்லாம் சந்தோஷம்தான். நேற்று எழுதியதை இன்று படித்தேன். நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறது! இந்த வயதுவரை என்னிடம் இப்படி ஒரு பொருள் இருந்ததில்லை.

இன்று ஆபீசைப் பற்றி எழுதுகிறேன். அடையாறில் கம்ப்யூட்டர் ஆபீஸ். அங்கே கார்டு ரூம் என் பொறுப்பு. மெஷினுக்குக் கணக்குச் சொல்வது நீளமான அட்டைகளில். அட்டை முழுக்க ஓட்டை. ஓட்டை விழும் இடம்தான் எழுத்து. கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு, தட்டில் அடுக்கி, ஏசி ரூமுக்குக் கொண்டுபோவேன். ஓடி முடித்ததும் திரும்ப ராக்கில் வைப்பேன். கீழே போடக் கூடாது, நனைக்கக் கூடாது. இரண்டே சட்டம்.

28-9-1978

சூடாமணி அம்மாவோடு இன்று ஒரே சிரிப்பு. மயிலாப்பூர்ப் பெண். டெஸ்ட் பார்க்கும் வேலை, இன்னும் தற்காலிகம். ஒரு தபால்வழிக் கல்லூரிக்கு எங்கள் ஆபீஸ் மார்க் கூட்டித் தருகிறது. புரோகிராமில் யாராவது கை வைத்தால், அது கெட்டுப்போகவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்காகச் சூடாமணி இல்லாத பிள்ளைகளை உண்டாக்கி வைத்திருக்கிறாள். ஒருத்தி எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. ஒருத்தன் பரீட்சைக்கே வராதவன். ஒருத்தன் பெயர் கட்டத்துக்குள் அடங்காத நீளம். ஒருத்தன் எல்லாவற்றிலும் பூஜ்யம். இவர்களுக்கு என்ன விடை வர வேண்டும் என்பது முன்பே தெரியும். மெஷின் வேறு விடை சொன்னால் எங்கோ தப்பு.

"பூஜ்யம் வாங்கினவன் பேரு இன்னாம்மா?" என்றேன்.

"அவனுக்குப் பேர் வெக்கலை பெரியவரே. நம்பர்தான்."

"அய்யே, மார்க்கும் இல்ல, பேரும் இல்லியா?"

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்போ நீங்களே ஒரு பேர் சொல்லுங்கோ."

வைரவன் என்றேன். உடனே ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினில் உட்கார்ந்து கார்டில் ஏற்றிவிட்டாள். வைரவா, நீ பாஸ் ஆகவே கூடாது. பாஸ் ஆகிவிட்டால் எல்லாரும் கலங்கிவிடுவார்கள்.

3-10-1978

ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது. பழைய மெஷினும் இந்த மாதம் முழுக்க ஓடும். ஒரு தொல்லை. பழைய பஞ்சிங் மெஷின் கூட்டல் குறிக்குப் போடும் ஓட்டையைப் புது மெஷின் வேறு ஏதோ குறியாகப் படிக்கிறதாம். அதனால் சூடாமணி டெஸ்ட் கார்டுகளை எல்லாம் இரண்டு மெஷினும் ஒரே மாதிரி படிக்கும்படி மாற்றி அடிக்கிறாள். மாதக் கடைசிக்குள் இரண்டும் ஒரே விடை சொன்னால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் பம்பாயிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்வார்கள். அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சூப்பர்வைசர் கணேசமூர்த்தி சார் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடமாட்டோம். இப்போது ஓடுவது மகன். அதற்கு முந்தியது அப்பா. அதற்கும் முந்தியது தாத்தா. மகன் கெட்டுப்போனால் அப்பாவைக் கூப்பிடலாம், அவரும் சரியில்லையென்றால் தாத்தா இருக்கிறார். மூன்று பேரும் என் ராக்கில்தான்.

11-10-1978

நேற்று எழுதவில்லை. நோட்டும் பேனாவும் சரஸ்வதி பூஜையில் இருந்தன. வாழ்க்கையில் முதல் முறையாகப் பூஜையில் வைக்க எனக்கென்று ஒரு நோட்டு! இன்று விஜயதசமி, எடுத்து முதலில் தேவானை பெயரை எழுதிக் காட்டினேன். "கால் போடாம உட்டுட்டியே மாமா" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சும்மா சொன்னாள்.

ஆபீசில் திங்கட்கிழமை சாயங்காலமே ஆயுத பூஜை. மெஷினுக்கு வெளிப்புறம் ஒரு பொட்டு, அதற்கு மேல் எதுவும் கூடாது என்று சார் உத்தரவு. எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு போன பிறகு நான் கார்டு ரூமைப் பூட்டப் போனேன். ராக்கில் அந்தப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். வீட்டில் என் நோட்டுக்கே பொட்டு வைக்கப் போகிறேன், இவர்களும் எழுத்துதானே? கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. கட்டின் ஓரத்தில் விரலால் ஒரு தீற்று. மகனுக்கு வைத்துவிட்டு அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வைக்காமல் விடுவது மரியாதையா? மூன்றுக்கும் வைத்தேன். குங்குமம் வைக்கவில்லை, கறை படியும். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

12-10-1978

காலையில் முதல் ஆளாகப் போய், சார் பார்ப்பதற்கு முன் சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். அட்டையும் அதே நிறம். ஒன்றும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு டெஸ்ட் ஓடியது. வைரவன் பட்டியலிலேயே இல்லை. நூறு வாங்கும் பெண்ணுக்கு ஏதோ கிறுக்கல். "இன்னா நைனா, உம்புள்ள பரீட்ச ஹால்லேருந்து எகிறிட்டானா?" என்றான் மெஷின் ஓட்டும் தனபாலன். எல்லாரும் சிரித்தார்கள். சூடாமணி சிரிக்கவில்லை.

13-10-1978

எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது. எழுதவில்லை.

16-10-1978

மறுபடியும் ஓட்டினார்கள். இந்தத் தடவை வேறு இடத்தில் தப்பு. மகன் கட்டைப் பார்த்துப் புதுப் படி எடுத்தாள் சூடாமணி. படி எடுக்கும் மெஷினிலும் சிக்கல். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவரும் தவறினார். கடைசியில் தாத்தா. வருஷக்கணக்காகப் பிழையே சொல்லாத தாத்தா. பழைய மெஷினில்கூட அவர் தடுமாறினார்.

"மூணு தலைமுறையும் ஒரே நேரத்துல எப்படிக் கெடும்?" என்றார் கணேசமூர்த்தி சார். "கார்டு கெடாதும்மா. அடிச்ச கைதான் கெட்டுப் போயிருக்கு."

"தாத்தா கட்டு நான் அடிச்சதே இல்லை சார். நான் வரதுக்கு முன்னாடியே இருக்கு."

"அப்ப நீ எடுத்துத் திருப்பி வச்சப்போ வரிசையைக் கலைச்சிருக்க."

தட்டைத் திரும்ப எடுத்து வரும்போது தாத்தா கட்டில் விரல் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கார்டு ஒன்றாக வந்தன. நகத்தால் பிரித்தேன். மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

17-10-1978

ஓரத்தில் ஈரம் ஊறி, காய்ந்து, அங்கங்கே இரண்டு இரண்டு கார்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேர்ந்தே மெஷினுக்குள் போகிறது. ஒன்றின் ஓட்டையை மற்றது மறைக்கிறது. கையில் எடுத்துத் தட்டினால் சில பிரிகின்றன, வேறு சில ஒட்டியபடியே நிற்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம்.

வேற யாரு பண்ணது? நான்தான். துடைச்சேனே, அதுவும் ஈரத்துணியால! நனைக்காதேன்னு தெனம் தெனம் சொல்லிக் குடுத்தாங்களே. ஒரு கட்டோட உட்டிருந்தா மத்த ரெண்டும் காப்பாத்தியிருக்கும். எல்லாருக்கும் சமமா மரியாதை பண்றேன்னு மூணு பேரையும் சேர்த்துக் கவுத்துட்டேனே பாவி.

18-10-1978

சாப்பாட்டு நேரத்தில் சூடாமணி டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னாள். "ஆத்துல அம்மா கேட்டுண்டே இருக்கா, உத்தரவு எப்போ வரும்னு. நேக்கே சந்தேகமா இருக்கு பெரியவரே. நான்தான் கலைச்சுட்டேனோ? தெரியாம பண்ணியிருப்பேனோ?"

வாய் திறந்தேன். "மோர் சாதம் புளிச்சிடும்மா, சாப்டு" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

செய்யாத தப்பை அவள் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறும் இறங்கியது எனக்கு. அதுதான் பொறுக்கவில்லை.

19-10-1978

இந்த வேலை போனால் எங்கே போவேன்? என் சொந்த மகனுக்கு நிலையான வேலை இல்லை. தேவானை முழுகாமல் இருக்கிறாள். இதை எழுதினால் நியாயமாகிவிடும் என்று பார்த்தேன். படித்துப் பார்த்தேன். ஆகவில்லை.

21-10-1978

சொல்லிவிட்டேன். சார் அறையில், சூடாமணியும் இருக்கும்போது.

"சந்தனமா?" கோபம் வந்தால் சாருக்குத் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும். "என்னவே சொல்லுதீரு? எங்க இருக்கு சந்தனம், காட்டும்."

கட்டைக் காட்டினேன். இத்தனை நாள் தட்டித் தட்டி, பிரித்துப் பிரித்து, துடைத்ததில் ஒன்றும் இல்லை. ஒட்டிய கார்டு ஒன்றுகூட அந்த நேரம் கையில் அகப்படவில்லை. வாசனையும் போய்விட்டது.

சார் நாற்காலியில் சாய்ந்தார். "பெரியவரே, உமக்கு இந்தப் பிள்ளை மேல பாசம்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காகப் பொய் சொல்லலாமா? பம்பாய்க்கு எழுதியாச்சு."

ஒளித்து வைத்தபோது யாருக்கும் தெரியவில்லை. வெளியே சொன்னால் யாரும் நம்பவில்லை.

சூடாமணி என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்: "சார், டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். காலி கார்டுல புதுசா ஒரே மாதிரி ரெண்டு கட்டு அடிக்கறேன். ஒண்ணுல அவர் அன்னிக்கு என்ன பண்ணாரோ அதே மாதிரி பண்ணட்டும். இன்னொண்ணைத் தொட வேண்டாம். ரெண்டையும் ரெண்டு மெஷின்லயும் ஓட்டுவோம்."

சார் பேனாவைத் திருகி மூடினார். "ஒரே தடவை" என்றார்.

வெளியே வந்த பிறகு வராந்தாவில் நின்றாள். "ஏன் பெரியவரே அன்னிக்கே சொல்லலை? மோர் சாதம் சாப்டச் சொன்னேளே." அவ்வளவுதான். போய்விட்டாள்.

23-10-1978

எல்லார் முன்னாலும் சந்தனம் குழைத்தேன். தனபாலன்கூடக் கிண்டல் பண்ணவில்லை. அன்று சந்தோஷத்தில் தானாக ஓடிய விரலை இன்று பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். "அன்னிக்கும் இவ்ளோதான் வெச்சேளா? சரியாச் சொல்லுங்கோ, கம்மி பண்ணாதேங்கோ" என்றாள் சூடாமணி. கம்மி பண்ணத்தான் பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் வைத்தேன். கட்டைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

பிள்ளையாரே, அது ஒட்ட வேண்டும். தப்பு என்னுடையதாகவே இருக்க வேண்டும்.

25-10-1978

காலையில் ஈரத் துணியால் துடைத்தேன், அதே மாதிரி. ஓட்டினார்கள். தொடாத கட்டு இரண்டு மெஷினிலும் ஒரு பிழை இல்லாமல் ஓடியது. கூட்டல் குறிகள் எல்லாம் சரியாக விழுந்தன. அவள் மாற்றி அடித்தது அத்தனையும் சரி. என் கட்டு போனது. பாதியில் நின்றது. தனபாலன் மூடியைத் திறந்து, ஒட்டிக்கொண்ட இரண்டு கார்டை வெளியே இழுத்து உயர்த்திக் காட்டினான். "இந்தா கீது சார்!"

நான் கைதட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் கைதட்டியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். பிறகு வெட்கம் பிடுங்கியது. ஏசி ரூமுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கணேசமூர்த்தி சார் வெளியே வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். "நான் அந்தப் பிள்ளை கைதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன், பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

27-10-1978

பம்பாய்க்கு வேண்டாம் என்று தந்தி போயிற்று. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் கார்டு ரூம் சாவியைத் தனபாலனிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். இனி எனக்கு வாசலில் காவல் நாற்காலி.

ராக்கைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று போனேன். உள்ளே சூடாமணி உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளையும் முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

2-11-1978

அவளுக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்துவிட்டது. தனபாலன் சொல்லித் தெரிந்தது. என் வாசல் வழியாகத்தான் வெளியே போனாள், உள்ளே வந்தாள். பேசவில்லை. நியாயம்தான். பத்து நாள் அவளை அவளே நம்பாமல் செய்தேன். உத்தரவு வந்தால் அது சரியாகிவிடுமா?

9-11-1978

மழை. நாள் முழுக்க யாரும் வரவில்லை.

16-11-1978

ஆபீசில் புதுச் சட்டம். மூன்று தலைமுறையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒருவர் கை மூன்றையும் தொடக் கூடாது. மகன் ஏசி ரூமில், அப்பா கார்டு ரூமில், தாத்தா கீழ் வாசலில், என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில். தபால்காரர் வந்துபோன பிறகு சூடாமணியே தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மழைக்காகக் கட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தாள். நான் எழுந்து ஒதுங்கி நின்றேன். கை கொடுக்கப் போகவில்லை.

உள்ளே வைத்துப் பூட்டினாள். பிறகு சாவியை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே வச்சிக்கோம்மா" என்றேன்.

"நான் மேல இருப்பேன். அவசரத்துக்கு யாராவது இங்க இருக்கணுமோல்லியோ?"

"நீயே வச்சிக்கோ. நான் வெளியேருந்து பாத்துக்கறேன்."

கை நீட்டியபடியே இருந்தாள். நானும் வாங்கவில்லை. கடைசியில் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "சரி. பாத்துக்கோங்கோ பெரியவரே" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

என்னிடம் இத்தனை நாளில் அவள் பேசியது இதுதான். அவள் போன பிறகு பார்த்தால் என் நாற்காலியின் முதுகு அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.