கொலுப் பெட்டியில் ஒரு மாம்பழம் குறைகிறது

டேய்,

இன்று நூலக அலமாரியிலிருந்து வகுப்புப் பெட்டியை எடுத்தபோது, மார்க்கர் பேனாக்களுக்கு அடியில் உன் மாம்பழம் கிடந்தது. உன் மனைவி சுதாவின் கொலுப் பெட்டியிலிருந்து அவளுக்குத் தெரியாமல் நீ தூக்கி வந்த பிளாஸ்டிக் மாம்பழம். காம்பருகே சாயம் போயிருக்கிறது. அதைக் கையில் எடுத்ததும் எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. அழுகை எல்லாம் முதல் இரண்டு மாதத்தோடு சரி.

நீ என்னிடம் மாட்டிக்கொண்ட அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். மகளின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பகல் பதினொரு மணிக்கு நம் ஃப்ரீமான்ட் நூலகத்துக்கு வந்தால், கண்ணாடி அறைக்குள் நீ நிற்கிறாய். கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ். எதிரே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த எட்டுப் பெரியவர்கள். அவர்களுக்கு நீ ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய்.

பொய்யானது எதுவானாலும் அவர்களுக்கு 'ஃபேக்'தான். "மை ஹஸ்பண்ட் ஃபேக் ஸ்லீப். நோ வாஷ் டிஷ்" என்றார் லின் ஆன்ட்டி. நீ மாம்பழத்தைத் தூக்கிக் காட்டினாய். "திஸ் இஸ் ஃபேக், ஆன்ட்டி. யுவர் ஹஸ்பண்ட் இஸ் ரியல். ஹி இஸ் ப்ரிடெண்டிங் டு ஸ்லீப்." அறையே சிரித்தது. பொருள் போலியென்றால் ஃபேக், ஆள் நடித்தால் ப்ரிடெண்ட், குழந்தைகள் சொப்பு வைத்துச் சமைப்பதுபோல எல்லோரும் தெரிந்தே ஆடினால் மேக்-பிலீவ். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய், பாவி.

வெளியே கார் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னாய்.

"வேலை போய் ஏழு வாரம் ஆச்சு மச்சான். சுதாகிட்ட சொல்லல. காலையில லஞ்ச் பாக்ஸ் கட்டித் தர்றா, வாங்கிட்டு இங்க வந்துடறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"ஒரு ஆஃபர் வரட்டும், நானே சொல்லிடறேன். நீ வாயத் திறக்காத."

நான் திறக்கவில்லை. சிநேகிதனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு. மௌரி அவென்யூ மளிகைக் கடையில் சுதா என்னைப் பார்த்து, "அவருக்கு ஆபீஸ்ல ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸாண்ணா? இளைச்சுப் போயிட்டாரு" என்றபோது, "சாஃப்ட்வேர் ரிலீஸ் டைம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டைத் தேடினேன்.

பிறகு ஒருநாள் நூலகப் படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாய். கேஸ் ட்ரபிள்தான் என்றாய். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"இன்ஷூரன்ஸ் வேலையோட போச்சேடா. சுதா ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல என்னைச் சேர்க்கணும்னா அவகிட்ட சொல்லணும்."

"சொல்லித் தொலையேன்!"

"அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்கு. அது முடியட்டும்."

அது முடியவில்லை, நீதான் முடிந்துபோனாய். நூலகத்து பார்க்கிங்கில், பூட்டிய காருக்குள், பிரிக்காத லஞ்ச் பாக்ஸோடு.

ஆஸ்பத்திரியில் சுதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஆபீஸுக்குப் போனவர் லைப்ரரில என்னண்ணா பண்ணிட்டிருந்தாரு? ஆபீஸ்ல கேட்டா, நாலு மாசம் முன்னாடியே அனுப்பிட்டோம்ங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் உன் வகுப்பை நான் எடுக்கிறேன். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, வேறு ஆள் கிடைக்கவில்லை. இன்று மாம்பழத்தை மேஜைமேல் வைத்து, ப்ரிடெண்ட் என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். லின் ஆன்ட்டி எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர் ப்ரிடெண்டட் டு கோ டு ஆபீஸ். வி ஆல் ப்ரிடெண்டட் நாட் டு நோ."

ஒருவரும் தலை நிமிரவில்லை. தினமும் அங்கே செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மூலையில் லேப்டாப்போடு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? நான் ஒருவன்தான் உன் ரகசியத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எட்டுப் பேரும் சுமந்திருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது சுதா ஒருத்திக்குத்தான். உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியவளும் அவள் ஒருத்திதான்.

"கரெக்ட், ஆன்ட்டி" என்றேன்.

நீ போய் வருஷம் திரும்பாததால் உன் வீட்டில் இந்த முறை கொலு இல்லை. அடுத்த வருஷம் உன் மகள் கேட்பாள். சுதா பெட்டியைத் திறப்பாள், பழத்தட்டில் மாம்பழத்தைத் தேடுவாள். கொண்டுபோய்க் கொடுத்தால், இது உங்களிடம் எப்படி வந்தது அண்ணா என்பாள். மாம்பழம் என் காரில் பக்கத்து சீட்டில் கிடக்கிறது. உன் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், இன்றும் திரும்பாமல் நேராகப் போய்விட்டேன்.