யூரோ வருகிற வீடு, யூரோ போகிற வீடு

டப்ளின்
செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நிச்சயம் முடிந்து மூன்று மாதமாகிறது, ஆனாலும் நாம் போனில் பேசினால் இரண்டு வீடும் காது கொடுத்துக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

நேற்று சர்வதேச நிதி வகுப்பில், "ரூபாய் விழுந்தால் உங்கள் ஊரில் என்ன நடக்கும்?" என்றார் பேராசிரியர். "எங்கள் வீட்டில் லட்டு வாங்குவோம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்பா ஜெர்மனிக்குப் பனியன் அனுப்பி யூரோ வாங்குகிறவர், ரூபாய் விழுந்தால் கையில் கூடுதலாகக் கிடைக்கும் என்று விளக்கினேன். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதே ஜெர்மனியிலிருந்து நிட்டிங் மெஷின் வாங்கப்போகிற உங்களுக்கு அன்றைக்கு விலை ஏறிவிடுமே. அதையும் சொன்னேன். "இரண்டும் ஒரே கம்பெனியானால் ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் பயமில்லை" என்று போர்டில் படம் போட்டே காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் புராஜெக்டே நம் இரண்டு வீடுதான் மாமா!

நீங்கள்தான் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

அன்புடன்,
பாரதி

நல்லூர்
செப்டம்பர் 29

அன்புள்ள பாரதிக்கு,

இந்த முறை நிறையவே எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். உன் பேராசிரியர் சொன்னதை உன் அப்பா எப்போதோ சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே எங்கள் அப்பாவிடம், "உங்கூட்ல யூரோ போகுது, எங்கூட்ல வருது. சம்பந்தம் பண்ணி ஒண்ணாச் சேத்திட்டா ரேட்டப் பத்திக் கவலையே இல்லீங்க" என்றாராம். படிக்காமலே அவருக்குப் பட்டம் கொடுக்கலாம்.

தை மாதம் கல்யாணம் முடிந்ததும் மெஷின் வந்துவிடும்.

அன்புடன்,
இளங்குமரன்

டப்ளின்
அக்டோபர் 11

மாமாவுக்கு,

பெண் பார்க்க வந்தபோது நீங்கள் பார்த்தது என்னையா, யூரோவையா? எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. புராஜெக்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை பத்திரிகை அடிக்க வேண்டாம்.

ஜெயபாரதி

நல்லூர்
அக்டோபர் 24

அன்புள்ள பாரதிக்கு,

இன்று பேங்குக்குப் போய் ஃபார்வர்டு புக் பண்ணிவிட்டேன். தை மாதம் மெஷினுக்குக் கட்டவேண்டிய யூரோவுக்கு இன்றைக்கே ரேட் முடிவாகிவிட்டது. "சம்பந்தி ஊட்டு யூரோ இருக்கறப்ப உனக்கென்னடா கிறுக்கா?" என்று அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

இனி உன் அப்பாவின் யூரோ எங்களுக்குத் தேவையில்லை. கம்பெனிகளைச் சேர்க்கவும் வேண்டாம். இந்தக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் மிச்சமிருக்கிற ஒரே காரணம் எனக்கு உன்னைப் பிடித்திருப்பதுதான். அது போதுமா என்று நீ சொல்ல வேண்டும்.

இளங்குமரன்

டப்ளின்
நவம்பர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் ரேட்டைத்தான் பார்த்தேன். நீங்கள் புக் பண்ணிய மறுநாளிலிருந்து யூரோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. பொறுத்திருந்தால் மெஷின் மலிவாக முடிந்திருக்கும். இதைப் பரீட்சையில் எழுதினால் எனக்கு மார்க் போடமாட்டார்கள். ஆனால் லைப்ரரியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன், சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

போதும் மாமா. கம்பெனிகளைச் சேர்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் நானே பேசிவிட்டேன்.

டிசம்பர் இருபதாம் தேதி காலையில் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இறங்குகிறேன். இரண்டு வீட்டிலும் வேறு தேதி சொல்லியிருக்கிறேன். நீங்கள் மட்டும் வாருங்கள்.

உங்கள்
பாரதி