பெட்டிக்குள் மூன்று ரிங்

பூப்பாறை,
11.2.2024

வெள்ளைத்துரைக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் ஸ்டோரை விட்டு இந்த எஸ்டேட்டுக்கு மலையேறி நாலு மாதம் ஆகிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும், "ஏலத்துல இருக்கேன் மாப்ளே, அப்பறம் கூப்பிடுறேன்" என்பாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. தவிர, இங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல்.

போன வாரம் போடிக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் முனீஸ்வரி சிலமலை பஸ்சுக்கு நின்றாள். எட்டு வருடம் என் மேற்பார்வையில் உன் ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கியவள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட நின்ற அருணா, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "கையெழுத்துக்காரரு வர்றாரு, போனை ஒளிச்சு வைங்கடி" என்றாள்.

எனக்கு உன் ஸ்டோரில் கிடைத்த பட்டம் இது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இருபது வருடம் உழைத்ததற்கு.

போன் ரூல் யாருடையது? முதல்தரக் காயையும் நீ விலை குறித்து வைத்த சீட்டையும் யாரோ படம் பிடித்து இன்னொரு வியாபாரிக்கு அனுப்பினார்கள். யார் என்று விசாரிக்க உனக்குப் பொறுமை இல்லை. காலை எட்டு மணிக்கு எல்லார் போனும் தகரப் பெட்டிக்குள், சாயங்காலம் ஐந்துக்குத்தான் வெளியே என்றாய். சாப்பாட்டு நேரத்திலாவது திறக்கலாம், வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். "ஒருத்திக்குத் தொறந்தா ஒம்பது பேரு வரிசையில நிப்பாளுக. நீ படிச்சவன், நோட்டீசை நல்ல தமிழ்ல எழுதி நீயே கையெழுத்துப் போடு. நான் போட்டா மொதலாளி கொடுமைம்பாக" என்றாய். போட்டேன்.

நம் தொழிலே போனில் தொடங்கியது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? 2003. உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. பேசினால் காசு என்பதால் பேசவே மாட்டோம். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், லோடு ஏற்றியாச்சு. இரண்டு விட்டால், போடிமெட்டில் மூட்டம், ஜீப்பு நிற்கிறது. மூன்று விட்டால், இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு உடனே வா. என் அப்பா விழுந்த அன்று நீ மூன்று ரிங் விட்டாய். மூட்டத்துக்குள் ஜீப்புக்கு முன்னால் ஒருவன் டார்ச்சோடு நடக்க, பதினேழு வளைவும் இறங்கி வந்தேன். உயிர் போவதற்குள் அப்பா முகத்தைப் பார்த்தேன். அந்த மூன்று ரிங்கைப் பிறகு ஸ்டோர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் வீடுகளில் பழக்கினார்கள்.

அதனால்தான், உன் ரூல் வந்தபின் அந்த ஒரு நாள், பெட்டிக்குள் சேவல் மூன்று தடவை கூவி நின்றதும் எல்லார் கையும் நின்றது. சேவல் கூவுவது முனீஸ்வரி போனின் ரிங். மறுபடி மூன்று. "சார், மூணு விட்டுருச்சு சார். தேவாரத்துல ஆத்தாவுக்கா, மலையில ஜீப்பு ஓட்டுற அவுகளுக்கான்னு தெரியலயே" என்று எழுந்து வந்தாள். ஆபீஸ் போனில் பேசச் சொன்னேன். அவளுக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. நம்பரெல்லாம் பெட்டிக்குள். சாவி உன்னிடம். நாலு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. தேவாரம் பஸ்சைப் பிடிப்பதா, போடிமெட்டுக்கு ஏறுவதா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தேவாரத்தில் அவள் ஆத்தா பாண்டியம்மாள் கிழவி, மகள் குரலையாவது கேட்க வேண்டும் என்று போனைக் காதில் வைத்தபடியே போய்விட்டாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நோட்டீசைக் கிழி. எல்லாப் பெண்களுக்கும் முன்னால் முனீஸ்வரியிடம் சொல்: ரூலும் என்னுடையது, சாவியும் என்னுடையது, ஜக்கையன் மேல் தப்பில்லை என்று. அதைச் சொல்கிறவரை நான் போடிக்கு இறங்குவதாக இல்லை.

இப்படிக்கு,
ஜக்கையன்


போடி,
19.2.2024

அன்பு மாப்ளே ஜக்கையனுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் அச்சடித்த மாதிரிதான் இருக்கிறது. திட்டுகிறபோதும் ஒற்றெழுத்து ஒன்றுகூட விடவில்லை நீ. குளிர் அதிகம் என்கிறார்கள், காதைக் கட்டிக்கொள். உனக்கு அந்தக் காலத்திலேயே காதுதான் முதலில் அடைக்கும்.

நோட்டீசை மார்கழியிலேயே கிழித்துவிட்டேன். ரூல் என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன். அருணாதான் நம்பவில்லை. "மொதலாளிக்கு அம்புட்டுத் தமிழ் வராதுல்ல" என்கிறாள். இப்போது பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அவரவர் போன் அவரவர் கண்ணுக்குத் தெரிகிற பலகையில் இருக்கும். மணி அடித்தால் எழுந்து போய்ப் பேசலாம். காய் வைத்திருக்கிற அறைக்குள் மட்டும் கொண்டுபோகக் கூடாது, நானும் உட்பட. ஆபீஸ் நம்பரை எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ முதல் நாளே சொன்னதுதான். கேட்டிருக்கலாம். ஏல ஹாலில் என் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தகரப் பெட்டி எந்தப் பெட்டி மாப்ளே? மதுரையில் விடுதியில் நம் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டியாக இருந்ததே, அதுதான். பூட்டும் அதேதான், புதுசு வாங்குகிற ஆளா நான்? அதற்குச் சாவி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போய்த் திரும்பினால் எங்க அம்மா சுட்ட அதிரசத்தில் பாதி இருக்காது. கேட்டால் "எலி" என்பாய். "பூட்டுத் தொறக்குற எலியாடா?" என்று உன்னை அறை முழுக்கத் துரத்தியிருக்கிறேன். எலியின் சாவி இன்னும் உன் பைக் சாவிக் கொத்தில்தான் கிடக்கிறது. நீ எதையும் தூக்கிப் போடாதவன்.

அன்று ஐந்து மணிக்கு நான் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கொத்து உன் மேசைமேல் இருந்தது. பார்த்தேன். "நல்லா இருப்பீகளா மொதலாளி?" என்று முனீஸ்வரி என்னைக் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். சாவி விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன். நீ அந்தக் கலவரத்தில் மறந்திருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

பொங்கலன்று உனக்கு மூன்று ரிங் விட்டேன். பாறையில் இல்லைபோல. வெரசா இறங்கி வா. உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

அன்புடன்,
உன் வெள்ளைத்துரை


பூப்பாறை,
3.3.2024

துரை,

பொங்கலன்று நான் பாறைமேல்தான் இருந்தேன். மூன்றும் கேட்டது. இறங்கவில்லை.

மறக்கவும் இல்லை. சேவல் முதல் தடவை கூவியபோதே என் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. சின்னச் சாவி, முனை தேய்ந்தது, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். முனீஸ்வரி எனக்கு நேரே நிற்கிறாள். எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? என் பேச்சைக் கேட்காமல் என் கையெழுத்தை வாங்கினாயே, இப்போது உன் ரூலை நீயே வந்து திற. நாலு பேர் முன்னால் நீ பதில் சொல்லித் தவிப்பதை நான் பார்க்க வேண்டும். ஆபீஸ் போனில் உன்னை நாலு தடவை கூப்பிட்டதுகூட, கூப்பிட்டேன் என்று பிறகு சொல்வதற்குத்தான். "சாவி மொதலாளிட்ட இருக்கும்மா" என்றேன் அவளிடம். பைக்குள் கையை வைத்துக்கொண்டே சொன்னேன்.

நான் கணக்குப் போட்டது உன்னோடு. அந்தக் கிழவி நடுவில் வருவாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். எனக்காக ஜீப்புக்கு முன்னால் டார்ச்சோடு நடந்தவன் பெயர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தக் கையெழுத்தை நீ வாங்கியிருக்கக் கூடாது. நாலு மாதம் எனக்காக வசவு வாங்கியதையும் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதுவும் ஒரு பூட்டுத்தான். நாற்காலியை யாருக்காவது கொடு.

சாவியை இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை முனீஸ்வரியிடம் கொடுத்துவிடு. நீ படித்துக் காட்டாதே, மென்று முழுங்கிவிடுவாய். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மன்னிப்பு ஒன்றும் அவளிடம் கேட்கவில்லை. திட்டுவதை ஆளறிந்து திட்டட்டும்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். அந்த ஸ்டோருக்கு என் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று போதும். அவளுக்கும் பெயர் தேவைப்படாது. எட்டு வருடமாக அவளுடைய லீவு லெட்டர்களை எல்லாம் எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். நாமும் பேசாமலே, யார், எதற்கு என்று தெரிந்துகொண்டவர்கள்தானே.

போடிக்கு இறங்குகிற ஜீப்பு ஹாரன் அடிக்கிறது. பெயர் போடாமலே அனுப்புகிறேன்.