மிஞ்சிய நீலப் பெயின்ற்

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

யேசு உம்மையும் பிள்ளையையும் காக்கட்டும். உம்முடைய இருமல் விட்டுவிட்டதா? நான் சுகம்.

இங்கே நோர்வேயில், வீடுகளில் மிஞ்சும் பெயின்ற், பற்றறி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் சனங்கள் எங்கள் நிலையத்தில் கொண்டுவந்து தருவார்கள். அவற்றைப் பிரித்து அடுக்குவதுதான் என் வேலை. போன கிழமை ஒரு தகரப் பேணியைத் திறக்க, மூடி துள்ளி, நீலப் பெயின்ற் முகத்தில் தெறித்தது. பயப்பட வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். கண்ணாடி முழுக்க நீலம். ஐயாவின் வள்ளத்துக்கு நீரும் நானும் பூசினோமே, அதே நீலம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நான் குருநகர்க் கடலுக்குள் நின்றேன். துடைக்க மனம் வரவில்லை. கூட வேலை செய்யும் கரவெட்டி மயூரதன் அண்ணைதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏனடா அழுறாய்?"

"பெயின்ற் மணம் அண்ணை. கண் எரியுது."

அங்கே எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் கிடக்கும் பழைய பற்றறிகளையும் தின்னர் போத்தலையும் கடலில் எறிய வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாநகரசபை ஆட்களிடம் கேட்டுக் கொடும்.

வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பேணியை மட்டும் கொடுக்க வேண்டாம். நான் வந்து பூச வேண்டும். மூடியை இறுக்கி நிழலில் வையும். இங்கே வரும் பேணிகள் சிலவற்றில் பெயின்ற் கல்லாய்க் காய்ந்திருக்கும். இனி ஆபத்தில்லை என்று சாதாரணக் குப்பையோடு போட்டுவிடுவோம்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அந்தப் பேணியை ஒருக்கால் திறந்து, குச்சியால் கிண்டிப் பாரும். இளக்கமாக இருந்தால் உடனே எழுதும். காய்ந்திருந்தால் எழுத வேண்டாம்.

உம்முடைய
சுபாஸ்