முனியாண்டியை வென்ற நாள்

கோலா கெத்தில்,
12 செப்டம்பர் 1943

அன்புள்ள குணவதிக்கு,

உன் வீட்டுக்காரன் பரஞ்சோதி எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, உனக்குத் தேறிவிட்டதா? பெண் குழந்தை என்று லாரி ஓட்டும் முருகையா அண்ணன் சொன்னார். யார் சாயல் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். துரைமார் கோல்ஃப் ஆடிய திடலிலும் அதைத்தான் நட்டிருக்கிறோம். ஜப்பான் அதிகாரி ஒருவர் ஆடுவதற்காக நான்கு குழிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே புல் வெட்டுவது நான் ஒருவன்தான். தோட்டத்து லயத்தில் நம் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆள்களைச் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை. சில நாள் வாய் திறக்கவே வேலையில்லை.

நான் தோற்பது உனக்குத் தெரியாததல்ல. துரைமார் கிளப்பின் சம்பள ஆட்டக்காரனாக இருந்த ஆறு வருஷமும், சுங்கைப்பட்டாணி கிளப்பின் ஆட்டக்காரன் முனியாண்டியிடம் தோற்றேன். பிரசவத்துக்கு உன்னை அழைத்துப்போக வந்த அன்று உன் அண்ணன், தோற்றே பழகிப்போனவனிடம் தங்கச்சியை எப்படி விட்டுவைப்பது என்று கேட்டார்.

இந்த அதிகாரி மாதம் ஒருமுறை முனியாண்டியையும் என்னையும் ஆடவிட்டுப் பார்ப்பார். ஜெயித்தவன் ஏதாவது ஒன்று கேட்கலாம். முதல் ஏழு மாதமும் முனியாண்டியே ஜெயித்து அரிசி வாங்கிப்போனான். எனக்குத் தூரத்து அடியில் குறையில்லை. குழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான், பந்து விழுகிறதா என்று பார்க்க அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிவிடுவேன். பந்து விலகிவிடும். நீ போன பிறகு சாயங்காலங்களில் தனியாக நின்று, பந்து விழும் சத்தம் காதில் கேட்கும்வரை நிமிராமல் இருக்கப் பழகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிட்டேன், குணவதி. கடைசிக் குழி, மூன்றடித் தூரம். குனிந்தே நின்றேன். சத்தம் கேட்டது.

ஜெயித்ததற்கு, செர்டாங் வந்து உங்கள் இருவரையும் பார்க்கப் பயண பாஸ் கேட்பதாக இருந்தேன். அதற்குள் முனியாண்டி வந்து, நன்றாக ஆடினாய் என்று என் கையைப் பிடித்தான். பிடித்த கையை விடவில்லை. என்னவென்று கேட்டேன். சயாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் தன் பெயர் வந்துவிட்டது, புதன்கிழமை லாரி, ஜெயித்தால் பெயரை எடுக்கச் சொல்லலாம் என்று இருந்ததாகச் சொன்னான். அவன் பிள்ளைகள் நான்கும் தாயில்லாதவை.

அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். முனியாண்டியின் பெயரை எடுக்கச் சொன்னேன். அதிகாரி இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுச் சரி என்றார். புதன்கிழமை லாரி போனது. முனியாண்டி போகவில்லை.

ஆட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து கிழங்கை வேகவைத்தேன். ஜெயித்ததைச் சொல்ல ஆளில்லை.

உனக்குக் கோபம் வரும். வந்தால் நியாயம்தான். அடுத்த மாதமும் ஆட்டம் இருக்கிறது. என் பெயர் இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை. யார் என்ன சொன்னாலும் பயப்படாதே.

உன் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பிள்ளைக்குப் பெயர் வைக்க எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், நீயே வை. வைத்த பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முருகையா அண்ணனிடம் கொடுத்தனுப்பு. இங்கிருந்தே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பரஞ்சோதி