நான் நிரப்பிய தேர்வுப் படிவம்

என் பிரியமான அண்ணே,

நீங்கள் போய் ஒன்பது வருடமாகிறது. புருணையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தீர்கள் என்றும், விடுமுறைக்கு வந்த இடத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டீர்கள் என்றும்தான் நம் ஊர் பிரிக்பீல்ட்ஸில் இன்றுவரை பேச்சு. நீங்கள் புருணையைக் கண்ணால் கண்டதில்லை. அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்துச் சிறையில் இருந்தீர்கள். ஊர் வாய்க்குப் பயந்து அம்மா கட்டிய கதைக்கு நானும் ஒத்து ஊதினேன்.

லோரி ஓட்டிய உங்களுக்கு, பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு எழுத ஆசை வந்ததே அங்கேதான். அஞ்சல் வழிப் பாடங்களை நான் வாங்கி அனுப்புவேன். உள்ளே கம்பி ஆகாது என்பதால் ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கிவிட்டு, தாள்களை நூலால் தைப்பேன். பூகோளப் பாடம் முடிந்ததும், "உலகத்தையே சுத்தியாச்சு, இந்தச் சுவர் ஒன்னுதான் பாக்கி" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன்.

தேர்வுப் படிவத்தில் உள்ள முகவரியைப் பார்த்துத்தான் மையம் ஒதுக்குவார்கள், சிறை முகவரியைப் போடு, இங்கேயே எழுத விடுவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். படிவம் வாங்கும் அஞ்சல் வழிப் பாட நிலையத்துக் கவுண்டரில் இருந்தவர் நம் சர்ச் ஆன்டி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வீட்டு முகவரியை எழுதினேன்.

"அந்தோணி புருணையிலேருந்து வந்து எழுதுமா?"

"லீவு போட்டு வரும் ஆன்டி" என்றேன்.

தேர்வுச் சீட்டு வந்தது. மையம், நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளி. மாற்றக் கேட்டோம், நாள் கடந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் சீட்டைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நடந்தே போயிடலாம் போலிருக்கே. வார்டன்கிட்ட சொல்லி வைக்கிறேன்லா."

கை தவறிப் போட்டுவிட்டேன் என்றேன். நம்பினீர்களா? தெரிந்தேதான் சிரித்தீர்களா? தேர்வு நாளில் அந்தப் பள்ளிப் பக்கம் போகாமல் சுற்று வழியில் வேலைக்குப் போனேன். மறு வருடத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிறையிலேயே இறந்துவிட்டீர்கள். வெட்கம் என்னுடையது, போனது உங்கள் தேர்வு.

இரண்டு வருடமாக அந்தப் பாட நிலையத்தில்தான் பதிவு வேலை பார்க்கிறேன். போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு அம்மா, உள்ளே இருக்கும் மகனுக்காகப் படிவம் கொண்டுவந்தார். குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டு அட்ரஸே போட்டுடுறேன் மேடம். யாராச்சும் பார்த்தா நல்லா இருக்காதுலா."

பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் நம் தெருக்காரர்கள்.

"போடாதீங்க அக்கா. எங்க அண்ணனுக்கு நான் அப்படித்தான் போட்டேன். அவரும் ஜெயில்லதான் இருந்தாரு. பரீட்சை எழுதாமலே போயிட்டாரு."

வழக்கமாகப் பேசும் குரலில்தான் சொன்னேன். அந்த அம்மா பேனாவை எடுத்து, சிறையின் பெயரை நிதானமாக எழுதினார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நாளிதழுக்கு அனுப்புகிறேன். இனி யார் கேட்டாலும் நீங்கள் இருந்த இடத்தை மறைக்க மாட்டேன், அண்ணே.

சிறையில் படித்த அந்தோணியின் தங்கை,
ரோஸி