மலையாமையைத் தெரிந்தவன்

என்னை அழவைத்துவிட்டுப் போன என் பிரியமுள்ள அண்ணா,

எல்லை பிரித்துவிட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது, நம் குளத்தூர் மலையாளப் பக்கமே நிற்கிறது. நம் ஊரும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போய் நீ அடிபட்டுச் செத்ததற்கு இதுதான் கிடைத்தது. ஆனால் நான் எழுதுவது அதற்கல்ல. உன்னைக் காட்டிக்கொடுத்தவன் யாரென்று தெரிந்துவிட்டது. நம் அத்தை மகன் செல்லையன்.

ஊர்வலத்துக்குப் பிறகு போலீஸ் தேடியபோது, ஒற்றசேகரமங்கலத்து மலையடியில் சூரல் பிரம்புப் புதருக்குள் ஒளிந்திருந்தாய். சோறு கொண்டுவரும் எனக்கு மட்டும்தான் இடம் தெரியும் என்று நம்பினேன். அங்கே உன்னோடு ஒரு ஆமை கிடந்தது, கண்ணைச் சுற்றிச் சிவந்துபோய். "குளத்துல கொண்டு விடட்டா அண்ணா?" என்று கேட்டேன். குளத்து ஆமையையே பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்?

"வெள்ளத்துல போட்டா செத்துப்போவும் மக்கா. இது மலையில நடக்குற சாதனமாக்கும்" என்றாய். தண்ணீரில் நீந்தத் தெரியாத தரை ஆமையும் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன்.

போலீஸ் உன்னை இழுத்துப்போன பிறகு உன் துணிகளை எடுக்கப் போனேன். ஆமை அங்கேயே இருந்தது. சாக்கில் கொண்டுவந்து கொல்லையில் மறைத்து வளர்த்தேன், ஒருவருக்கும் காட்டவில்லை. அடி ஆறாமலே நீ போனாய். உன் சவப்பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தவன் செல்லையன். ஊரார் அவனைச் சந்தேகப்பட்டபோது, "அந்த மலைப்பக்கம் நான் கால் குத்தினதே இல்ல" என்று வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சொன்னான்.

போன வாரம் அவன் தங்கைக்கு நிச்சயம். சத்தியம் செய்தாலும் எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். ஆமையைக் கொண்டுபோய் அவன் வீட்டு முற்றத்தில் விட்டேன், அந்தக் குடும்பத்துக்குக் கேடு வரட்டும் என்றுதான். ஏசுவைக் கும்பிடும் வேதக்காரிக்கு இந்த ஆமை நம்பிக்கை எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தார். செல்லையன் பின்னாலேயே ஓடினான்.

"ஐயோ, வெள்ளத்துல போட்டா செத்துப்போவும். இது மலையில நடக்குற சாதனமாக்கும்."

உன் வார்த்தை, அண்ணா, ஒரு எழுத்துப் பிசகாமல். மலைப்பக்கமே போகாதவனுக்கு அது எப்படி வந்தது?

"இத உங்களுக்கு ஆரு சொல்லித்தந்தது அத்தான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது, உட்கார்ந்து அழுதாள்.

அவனை நம்பி நீதான் இடத்தைச் சொன்னாயா? என் கைச்சோற்றை அவனோடு பங்கிட்டுத் தின்றாயா? ஆமை சாகக்கூடாது என்று ஓடியவன் உன்னை மட்டும் எப்படிச் சாகவிட்டான்?

ஆமையைத் திரும்ப மலையில் விட்டுவிட்டேன். போதகர் வந்து மன்னிக்கச் சொன்னார். "மாட்டேன் ஐயா" என்றேன்.

செல்லையன் ஊரைவிட்டுப் போகப்போவதில்லை, நானும் போகமாட்டேன். அவன் சபையில் திருவிருந்துக்கு முழங்காலிடும்போதெல்லாம் பக்கத்தில் நானும் முழங்காலிடுவேன். அப்பத்துக்கு அவன் கை நீட்டும்போது உன் பெயரை அவன் காதில் விழும்படி சொல்வேன். என் மூச்சு உள்ளவரை சொல்வேன், இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கை,
ஞானப்பூ